பசுமைச் சுவர் வைக்க ஆசையா, முதலில் இதைப் படியுங்கள்

அலுவலக வரவேற்பறை, மருத்துவமனை, ஹோட்டல் லாபி, எங்கே போனாலும் சுவர் முழுக்கச் செடி வளர்த்த ஒரு பசுமைச் சுவர். பார்க்க அழகு, அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் விற்கிறவர்கள் "உள்ளே இருக்கிற காற்றையே சுத்தம் பண்ணிடும் சார்" என்று ஆரம்பிக்கும்போதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்தப் பேச்சுக்கெல்லாம் பெரும்பாலும் 1989-இல் வந்த நாசா ஆய்வைத்தான் இழுப்பார்கள். காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்து, ரசாயன ஆவியைச் செலுத்தி, எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். குறைந்தது, சரி. நாம் இருப்பது பெட்டிக்குள்ளா? கதவு, ஜன்னல், இடுக்கு என்று காற்று மாறிக்கொண்டே இருக்கிறது, அது செய்கிற வேலையைச் செடியே செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடி வரை தேவைப்படும் என்று, பழைய ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் வேறு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் மனுஷன் எங்கே உட்காருவது? விசிறி வைத்து வேர்ப்பகுதி வழியாகக் காற்றை இழுக்கிற சுவர்கள் தனி ரகம். கனடாவின் டொராண்டோவில் குவெல்ஃப்-ஹம்பர் பல்கலைக்கழகக் கட்டடத்தில் நான்கு மாடி உயரத்துக்கு அப்படி ஒன்று இருக்கிறது, அங்கே உழைப்பது வேரில் இருக்கிற நுண்ணுயிர்கள். லாபியில் சும்மா தொங்குகிற செடிகளை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பாட்ரிக் பிளாங்க் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிரபலமாக்கிய முறையில் மண்ணே கிடையாது. பிவிசி பலகை, அதன்மேல் ஈரம் பிடிக்கிற தடித்த ஃபெல்ட் துணி, துணியில் பற்றிய வேர், உச்சியில் துளையிட்ட குழாய், உரம் கலந்த தண்ணீர், டைமர், அவ்வளவுதான். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற காட்டுச் செடிகளைப் பார்த்துப் பிடித்த யோசனை, அபாரம்தான். ஆனால் மண் இல்லாததால் சேமிப்பில் தண்ணீரும் இல்லை, மோட்டார் நின்றால் துணி காய்கிற வரைக்கும்தான் செடிக்கு உயிர். குழாயில் ஒரு துளை உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால் அதற்கு நேர்கீழே மட்டும் வாடி, மேலிருந்து கீழே ஒரு பழுப்புக் கோடு இறங்கும் (அடுத்த தடவை லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது தேடிப் பாருங்கள்). அடிவரிசையோ வடிகிற தண்ணீரில் அழுகும், அந்த ஈரத்தில் பொடிக் கறுப்பு ஈக்கள் வேறு.

வெளிச்சமும் பிரச்சினைதான். மேசை வேலைக்குப் போதுமான 300, 500 லக்ஸில் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) நிழல் செடிகள் பலவும்கூட நாளாக நாளாக மெலிந்துதான் போகும், தனி விளக்கு வேண்டும், அதற்குத் தினமும் மின்சாரம் வேண்டும்.

அதனால் கொட்டேஷனில் செடி விலையைப் பார்ப்பதை விடுங்கள். பராமரிக்கிற ஆள் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருவார், செத்த செடியை யார் செலவில் மாற்றுவார்கள், மோட்டார் நின்றால் யாருக்குத் தகவல் போகும், இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள். மழுப்பினால் ஜன்னலோரம் நாலு பெரிய தொட்டியை வைத்து மணி பிளான்ட்டைக் கொம்பில் ஏற்றிவிடுங்கள், போதும்.