யாரும் கேட்காமல் போன ஆறு வருடங்கள்

முகலாயர் வரலாறு என்றால் நமக்கு ஞாபகம் வருவது பானிபட், பீரங்கி, பாபருக்குப் பின் ஹுமாயூன், அவருக்குப் பின் அக்பர் என்ற வரிசை. அந்த மூன்று பேரோடும் வாழ்ந்து, அதை எழுதியும் வைத்த ஒரு பெண் அந்தக் குடும்பத்திலேயே இருந்தார். குல்பதன் பேகம். பாபரின் மகள், ஹுமாயூனின் தங்கை, அக்பரின் அத்தை. ஆண்களின் போர்களுக்குச் சாட்சி சொல்ல மட்டும் அவரைக் கூப்பிட்டு, அடிக்குறிப்பில் உட்கார வைத்துவிட்டுப் போவது எனக்கு நெடுநாள் ஆற்றாமை. அவர் எழுத்தாளர். அதுவும் மிக நல்ல எழுத்தாளர்.

1523 வாக்கில் காபூலில் பிறந்தார். அவருக்கு இரண்டு வயது இருக்கும்போது பாபர் இந்துஸ்தானத்தின் மேல் படையெடுத்துப் போய்விட்டார். 1529 இல் வளர்ப்புத் தாய் மாஹம் பேகத்தோடு மலைகளைக் கடந்து ஆக்ராவுக்கு வந்த பிறகுதான் அப்பாவைச் சரியாகப் பார்க்கிறார். மாஹம் வந்துகொண்டிருக்கிறார் என்று கேட்டதும், குதிரைக்குச் சேணம் கட்டும் வரை கூடப் பொறுக்காமல் பாபர் நடந்தே எதிர்கொள்ளப் போனார் என்று எழுதுகிறார். ஆக்ராவுக்குப் பக்கத்தில் இருந்த சிக்ரித் தோட்டத்தில் அப்பா உட்கார்ந்து தன் நினைவுக் குறிப்புகளை எழுதிய மண்டபத்தையும் சொல்கிறார். அதே இடத்தில் சிறுமி குல்பதன் ஒரு பெண்ணிடம் “என் கையைப் பிடித்து இழு” என்று விளையாடி, மூட்டு பிசகி, அழுது, கட்டுப் போட ஆள் வந்த கதையும் வருகிறது. அறுபது வயதைத் தாண்டியவர் எழுதுகிறார், அந்தக் கைவலி இன்னும் அதில் இருக்கிறது.

ஹுமாயூன்நாமா என்ற இந்த நூலை அவர் எழுத உட்கார்ந்தது 1587 வாக்கில், அக்பர் கேட்டதால். அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் எழுதிக்கொண்டிருந்த அக்பரின் வரலாறான அக்பர்நாமாவுக்காக, பாபரையும் ஹுமாயூனையும் பற்றித் தெரிந்ததை எழுதித் தாருங்கள் என்று உத்தரவு. அப்பா இறந்தபோது எனக்கு எட்டு வயது, அதிகம் ஞாபகம் இல்லாமல் இருக்கலாம், கேட்டதையும் நினைவில் இருப்பதையும் எழுதுகிறேன் என்று தொடங்குகிறார். அரண்மனை வரலாற்றுக்காரர்களின் ஆடம்பர நடை கிடையாது. வீட்டில் பேசுகிற மாதிரி எளிய பாரசீகம்.

ஹமீதா பானுவின் கல்யாணப் பகுதியை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காது. ராஜ்யத்தை இழந்து சிந்துப் பக்கம் அலைந்துகொண்டிருந்த ஹுமாயூன் அந்தச் சிறு பெண்ணைப் பார்த்து ஆசைப்படுகிறார். அவள் மாட்டேன் என்கிறாள். நாற்பது நாள் பேச்சு நடக்கிறது. யாரையாவது கட்டித்தானே ஆக வேண்டும், ராஜாவை விட நல்ல மாப்பிள்ளை எங்கே என்று குல்பதனின் தாய் தில்தார் பேகம் கேட்கிறார். கட்டிக்கொள்கிறேன், ஆனால் என் கை எட்டிப் பிடிக்கக்கூடிய சட்டைக் கழுத்து உள்ளவனை, விளிம்பு கூட எட்டாதவனை இல்லை என்கிறாள் ஹமீதா. அப்புறம் 1541 இல் கல்யாணம் நடந்துவிடுகிறது. இதை எழுதச் சொன்ன அக்பர் அந்த ஹமீதாவின் மகன்! பேரரசரின் அம்மா அவர் அப்பாவை வேண்டாம் என்று சொன்ன கதையை, அம்மா உயிரோடு இருக்கும்போதே, அரசாங்க வரலாற்றுக்கான குறிப்பில் எழுதிக் கொடுத்தார் இந்த அத்தை. அந்தத் துணிச்சலுக்காகவே அவரை வரலாற்றாசிரியர் என்று அழைக்க வேண்டும்.

1539 இல் சவுசா என்ற இடத்தில் ஆப்கானியத் தலைவர் ஷேர்ஷாவிடம் ஹுமாயூன் தோற்றதைச் சொல்லும்போதும் அப்படித்தான். அந்தக் களேபரத்தில் காணாமல் போன பெண்களைப் பெயர் சொல்லிக் கணக்கு எடுக்கிறார். அதில் ஹுமாயூனின் மகள் அகீகா, எட்டு வயதுக் குழந்தை. எவ்வளவு தேடியும் தடயமே கிடைக்கவில்லை. ஹுமாயூனின் தம்பிகளில் ஒருவரான காம்ரானின் இரவுத் தாக்குதலில் 1551 இல் இன்னொரு தம்பி ஹிந்தால் கொல்லப்பட்டபோது, குல்பதன் எழுதுவது ஒப்பாரிதான். குல்பதனோடு ஒரே தாய் வயிற்றில் பிறந்த சகோதரன். அந்த வாள் என் நெஞ்சில் பட்டிருக்கக் கூடாதா, என் மகன் மேல், என் புருஷன் மேல் பட்டிருக்கக் கூடாதா என்கிறார். அரசவைக்குப் போகிற ஏட்டில் இப்படி எழுத எவ்வளவு துக்கம் இருந்திருக்க வேண்டும்.

சரி, என் பெரிய வருத்தத்துக்கு வருகிறேன். 1575 இல், ஐம்பது வயதைத் தாண்டிய குல்பதன், அரண்மனைப் பெண்களைத் திரட்டிக்கொண்டு ஃபதேபூர் சிக்ரியிலிருந்து ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். அரபிக் கடல் போர்ச்சுக்கீசியர் பிடியில் இருந்தது, அவர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் கப்பல் நகராது. சூரத்தில் நீண்ட காத்திருப்பு. 1576 இல் கப்பல் ஏறி, அரேபியாவில் மூன்று வருடங்களுக்கு மேல் தங்கினார்கள். அவர்கள் தங்கியதும் தர்மம் செய்ததும் மெக்காவைத் தன் ஆட்சியில் வைத்திருந்த உஸ்மானியச் சுல்தான் மூன்றாம் முராதுக்கு உறுத்தலாகி, இவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி மெக்காவுக்கு ஆணைகள் போயின. திரும்பும் வழியில் ஏடன் அருகே கப்பல் உடைந்து அங்கே மாதக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். சிக்ரிக்கு வந்து சேர்ந்தது 1582 இல்.

பயணம் போன பெண்களைப் பற்றி அபுல் ஃபசல் தரும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். காம்ரானின் இரண்டு மகள்கள் அதில் இருக்கிறார்கள். சகோதரனைக் கொன்றவன் என்று யாரை எழுதினாரோ, அவன் பெண்களோடு ஆறு வருடங்களுக்கு மேல் ஒரே கூட்டமாகப் போய் வந்திருக்கிறார். கப்பலில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? ஏடனில் எப்படிக் காலம் தள்ளினார்கள்? கைப்பிசகைக் கூட மறக்காதவருக்கு இதெல்லாம் மறந்திருக்காது. ஆனால் கையில் இருக்கும் நூலில் அந்தப் பயணம் இல்லை. ராஜாக்களைப் பற்றி எழுதுங்கள் என்றுதான் கேட்டார்கள். உங்கள் பயணத்தையும் எழுதுங்கள் அத்தை என்று அக்பர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பதினாறாம் நூற்றாண்டுப் பெண் எழுதிய கடல் பயண நூல் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கும். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அரண்மனைப் பெண்தானே, பணமும் கப்பலும் இருந்தால் யாரும் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். உண்மை. மூட்டை சுமந்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் பாபருக்கும் அதே வசதி இருந்தது, அதைச் சொல்லி அவர் நினைவுக் குறிப்புகளை யாரும் குறைத்துப் பேசுவதில்லையே.

எழுதியதும் முழுசாக மிஞ்சவில்லை. நமக்குத் தெரிந்த ஒரே கைப்பிரதி லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. காம்ரானின் கண்களைக் குருடாக்கும் இடத்தில் வாக்கியம் பாதியிலேயே அறுந்துவிடுகிறது. அதை 1902 இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் ஒரு பெண்தான், அன்னட் பெவரிட்ஜ். அவர் கணவர் ஹென்றி அக்பர்நாமாவை மொழிபெயர்த்தவர்.

அன்னட்டின் மொழிபெயர்ப்பு காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஹமீதா பகுதியை முதலில் படியுங்கள், அப்புறம் தொடக்கத்துக்கு வாருங்கள். பாரசீகம் தெரிந்தவர்கள் நட்பு வட்டத்தில் யாராவது இருந்தால், சிக்ரித் தோட்டப் பகுதியையாவது மூலத்திலிருந்து நேரடியாகத் தமிழில் எழுதிப் போடுங்கள். ஒவ்வொரு வரியையும் நான் பகிர்கிறேன்.