எழுந்து உட்கார்ந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை

அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நாலு மாதம் இரண்டாம் கட்டு அறையை விட்டு வராமல் படுத்துக் கிடந்தான். மனச்சோர்வு என்று மருத்துவர் மாத்திரை கொடுத்தார். சில வாரங்களில் எழுந்துவிட்டான். அப்புறம் படுக்கவே இல்லை. ராத்திரி மூணு மணிக்கு முகப்பில் உட்கார்ந்து, வீட்டு வளவு முழுக்க ஆத்தங்குடித் தரைக்கல் மாற்றக் கணக்குப் போடுவான். யாரையும் கேட்காமல் முன்பணமும் கொடுத்துவிட்டான். "பயலுக்கு இப்பத்தான் நேரம் கூடியிருக்கு" என்றார்கள் பங்காளிகள். அப்பச்சி கடைச் சாவியையே கையில் கொடுத்துவிட்டார்கள்.

என் ஆதங்கமே இதுதான். படுத்துக் கிடந்தால் நோய் என்று நமக்குப் புரிகிறது. ஓடியாடினால், அதுவும் வியாபாரம் பார்த்து வளர்ந்த நம் ஊர்களில், யோகம் என்றுதான் தோன்றுகிறது. இரண்டு மணி நேரம் தூங்கியும் அலுப்பே தெரியாமல் இருப்பது, நிற்காத பேச்சு, தண்ணியாய்ச் செலவாகும் பணம் எல்லாம் ஒரு வாரம் நீடித்தால் அது பைபோலாரின் மேல்முனையாக இருக்கலாம். ஒருசமயம் மனம் ஒரேயடியாகச் சோர்ந்தும், ஒருசமயம் அளவு மீறிப் பொங்கியும் போகும் நோய் அது. மூன்று வருடம் முன்பும் பத்து நாள் இப்படித்தான் இருந்தான். மருத்துவரிடம் நாங்கள் அதைச் சொல்லவே இல்லை. நன்றாக இருந்த நாளை நோயென்று யாருக்குச் சொல்லத் தோன்றும்? மனச்சோர்வு மாத்திரை மட்டும் தனியாகக் கொடுத்தால் பைபோலார் உள்ள சிலரை அது உச்சிக்குத் தூக்கிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது.

அண்ணனுக்கும் அதுதான். இப்போது மனநிலையை ஏறி இறங்காமல் பிடித்துவைக்க லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறான். 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பயனை எழுதினார்; இன்றும் இது முக்கியமான மருந்து. ஆனால் அளவு பிசகக் கூடாது. ரத்தத்தில் லித்தியம், சிறுநீரகம், தைராய்டு எல்லாவற்றையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். போன வருடம் பழனிப் பாதயாத்திரையில் வியர்த்துக் கொட்டி, சரியாகத் தண்ணீர் குடிக்காமல், கால்வலிக்கு யாரோ கொடுத்த டைக்ளோஃபினாக்கையும் போட்டுக்கொண்டான். உடம்பில் நீர் வற்றுவது, அந்த வலி மாத்திரை, இரண்டுமே ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். கை நடுங்கி, வாந்தி எடுத்து, நடை தள்ளாடியபோது வெயில் என்று நினைத்தோம். நல்லவேளை, கூட வந்த நர்ஸ் ஒருவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று கேட்டார்.

கல்யாணம் தடைபடும் என்று மறைக்கச் சொன்னவர்கள் உண்டு. மறைத்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டும். நிறுத்துவது அங்கேதான் ஆரம்பிக்கும். வெளியே சொல்லத் தயங்குகிறவர்கள் 14416-க்கு இலவசமாகப் பேசலாம், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்.

ஆத்தா ஒரு கணக்கு நோட்டு போட்டிருக்கிறார்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், அவ்வளவுதான். இரண்டு ராத்திரி தூக்கம் குறைந்தால் மருத்துவருக்குப் போன் போய்விடும். இந்தத் தை மாதம் அண்ணன் குன்றக்குடி வரைக்கும் காவடியோடு நடந்துவிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் வீடு திரும்பிப் படுத்துவிட்டான்.