பக்கவாதத்துக்கு புரோட்டீன் பவுடர் மருந்தல்ல

"பக்கவாதத்தில் மூளை செல்லின் புரதம் கரைகிறது, புரோட்டீன் பவுடர் குடித்தால் திரும்ப ஏறிவிடும்" என்று சிலர் சொல்வது தவறு. பக்கவாதம், ஊட்டச்சத்துக் குறைபாடு என்ற ரெண்டு வேறு சங்கதிகளைக் குழப்புகிறார்கள்.

மூளைக்குப் போகும் ரத்தம் நின்றால் சில நிமிடங்களில் செல்லின் ஏடிபி, அதாவது அதை இயக்கும் ஆற்றல் மூலக்கூறு, தீர்கிறது. நரம்பு செல்களைத் தூண்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கொட்டுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, புரதத்தை வெட்டும் கால்பெயின் என்ற நொதி முடுக்கிவிடப்படுகிறது. செல்சவ்வைத் தாங்கும் ஸ்பெக்ட்ரின் என்ற புரதத்தின் எடை சுமார் 280 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). கால்பெயின் அதை 150, 145 கிலோடால்டன் துண்டுகளாக நறுக்குகிறது. டென்ட்ரைட்டில் (நரம்பு செல்லின் கிளையில்) உள்ள எம்ஏபி-2 என்ற புரதமும் சீக்கிரமே சிதைகிறது. கத்தரிக்கோல் வேலை செய்யும்போது துணி வாங்கிக் குவித்து என்ன பயன்?

ஊட்டச்சத்துக் குறைபாடு வேறு கதை. கருவிலும் முதல் 2 வயதிலும் சத்து போதாவிட்டால் டென்ட்ரைட் கிளைகளும் நரம்பு இழையைச் சுற்றும் மயலின் உறையும் உருவாவதே குறையும். அங்கே உணவுதான் மருந்து. அதிலும் புரதத்தோடு இரும்பு, அயோடின், துத்தநாகம் எல்லாம் வேண்டும்.

வாய் கோணி, ஒரு கை தொய்ந்தவரிடம் டம்ளரை நீட்டாதீர்கள். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் கொடுத்தால் நுரையீரலுக்குள் போகலாம். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு 4.5 மணி நேரம்.