அவங்க அதை வச்சு என்ன பண்ணுவாங்க?

ஞாயித்துக்கிழமை மும்பை காலா கோடாவில், தாராவி மக்களைப் படம் எடுத்துப் போட்ட ஒரு போட்டோ புத்தகத்துக்கான கூட்டத்தில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதியாச்சு. வீடியோவும் எல்லார் கைக்கும் வந்தாச்சு. எனக்குத்தான் இன்னும் அடங்கல. கூட்டத்தில் ஒரு பொண்ணு கேட்டது ஒரே ஒரு கேள்வி: "படத்தில் இருக்கிறவங்களுக்குப் புத்தகம் கொடுத்தீங்களா?" அதுக்கு அந்தப் புத்தகத்தோட புகைப்படக்காரர் சிரிச்சுக்கிட்டே சொன்ன பதில்தான் மேலே தலைப்பில் இருக்கு. கூட்டமும் கூடச் சேர்ந்து சிரிச்சது. ரொம்ப சந்தோஷம்.

என்ன பண்ணுவாங்களா? பார்ப்பாங்க சார். அந்தப் புத்தகத்தை 4,500 ரூபாய் கொடுத்து வாங்கினவங்க மட்டும் வேற என்ன பண்றாங்களாம்?

நான் போட்டோ புத்தகங்களுக்கு எதிரி இல்ல. அதில் காசைக் கொட்டுறேன்னு வீட்டில் திட்டு வாங்குறவன். அதனாலதான் இவ்வளவு எரியுது. புகைப்படக்காரர் தயானிதா சிங் 1989இல் ஒரு லண்டன் பத்திரிகைக்காக டெல்லியில் மோனா அகமதுங்கிற திருநங்கையைப் படம் எடுத்தார். படம் லண்டனில் வரும்னு தெரிஞ்சதும் மோனா, "அங்கே எனக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க, பிலிமைக் கொடுத்துடு"ன்னு கேட்டார். தயானிதா கொடுத்துட்டார். மோனா அதைக் குப்பையில் போட்டுட்டார். அன்னைய வேலை போச்சு, நட்பு மிஞ்சுச்சு. 2001இல் தயானிதாவோட 'மைசெல்ஃப் மோனா அகமது' புத்தகம் வந்தப்போ அதில் இருந்த எழுத்தும் மோனாவோடதுதான், பதிப்பாளருக்கு அவர் அனுப்பின மின்னஞ்சல்கள். பிலிமையே திருப்பிக் கொடுத்தவங்களும் இந்தத் துறையிலதான் இருக்காங்க. நான் கேட்கிறது ஒரு பிரதி.

தாராவிக்கே வருவோம். புகைப்படக்காரர் யோனாஸ் பெண்டிக்சன் நார்வேக்காரர். தாராவியும் இருக்கிற அவரோட 'தி பிளேசஸ் வீ லிவ்' (2008) புத்தகம் வீட்டோட நாலு சுவரையும் விரிச்சுக் காட்டும், கூடவே அந்த வீட்டு ஆட்கள் பேசுறதும் இருக்கும். மேடையில் சிரிச்ச நம்ம ஊர்க்காரர் புத்தகத்தில்? "பெண், தாராவி." "முதியவர், தாராவி." முடிஞ்சது.

எங்க அம்மாவும் ஒரு "பெண், தாராவி"தான். திருநெல்வேலியில் இருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவ. முறுக்கு சுத்துறதை எடுக்கணும்னு ஒருத்தர் வந்தார். நான் அப்போ பள்ளிக்கூடம் போயிட்டிருந்தேன். டீ போட்டுக் கொடுத்து, போறப்போ முறுக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தா. "காப்பி அனுப்புறேன் ஆன்ட்டி"ன்னு போனவர், போனவர்தான். கொஞ்ச நாள் போஸ்ட்மேனை நிறுத்தி விசாரிச்சுப் பார்த்துட்டு விட்டுட்டா. தொண்ணூறு அடி ரோட்டு ஸ்டூடியோக்காரர் எடுத்த படமெல்லாம் இன்னைக்கும் பீரோவில் இருக்கு. காசு கொடுத்து எடுத்தா படம் நம்ம வீட்டில். முகத்தைச் சும்மா கொடுத்தா ஊரான் வீட்டு அலமாரியில்.

"தெருவில் போற ஒவ்வொருத்தர்கிட்டயும் பேர் கேட்க முடியுமா?"ன்னு படம் எடுக்கிறவங்க கேட்பாங்க. வேண்டாமே. புகைப்படக்காரர் ரகுபீர் சிங் எடுத்த பம்பாய்த் தெருக் கூட்டத்தில் யார் யாருன்னு நானும் கேட்கல. அது தெரு. நீங்க செருப்பைக் கழற்றிப் போட்டுட்டு உள்ளே வந்து உட்கார்ந்தீங்க.

"கைக்காசு போட்டு அடிக்கிறோம், விக்கவே மாட்டேங்குது"ன்னும் சொல்வாங்க. இது நியாயம். 'தி கோஸ்ட்' (The Coast) புத்தகத்துக்காக 2019இல் பாரிஸ் போட்டோ–அபெர்ச்சர் போட்டோ புத்தக விருது வாங்கின புகைப்படக்காரர் சோரப் ஹூராவே சொந்தமா அச்சடிச்சவர்தான். சரி, புத்தகம் வேண்டாம். ஒரு பிரிண்ட்? ரெண்டு வடாபாவ் காசு ஆகுமா?

இன்பாக்ஸில் ஒரு நண்பர், "இதிலயும் சாதி பார்க்கிறியா?"ன்னு கேட்கிறார். நான் சாதின்னு ஒரு வார்த்தை சொல்லல. அவருக்கு ஏன் தோணுச்சுன்னு அவரே யோசிக்கட்டும்.

தாராவியை இடிச்சுப் புதுசா கட்டுற திட்டத்துக்காக இப்போ சுவர் சுவரா சர்வே நம்பர் போட்டுட்டுப் போயிருக்காங்க. நாளைக்கு இடிச்சுட்டா அந்தச் சந்து உங்க புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும். நாங்க இருந்த வீட்டைப் பார்க்க நாங்களே 4,500 ரூபாய் எடுத்து வைக்கணும், அதானே? இதுக்குப் பேர் ஆவணமாம். யாருக்கு ஆவணம்?

"அவங்களை இனி எங்கே போய்த் தேடுறது"ன்னும் அந்தப் புகைப்படக்காரர் அதே மேடையில் அலுத்துக்கிட்டார். தேடவே வேண்டாம் சார். அட்டைப்படத்தில் இருக்கிற அக்கா எங்க அத்தை வீட்டுக்குப் பின் சந்துலதான் இருக்காங்க. நீங்க வரத் தயார்னா சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போறேன். புத்தகத்தோட வாங்க.