காணாமல் போனவர் பெயரில் ஒரு ஃபைல் போடுங்கள்

தேதியும் போலீஸ் ரிப்போர்ட் எண்ணும் இல்லாத 'காணவில்லை' படத்தை யாரும் பகிர வேண்டாம். கல் நெஞ்சுக்காரன் என்று திட்டினாலும் பரவாயில்லை. எப்போதோ வீடு திரும்பியவர்களின் படம் இன்னும் வாட்சப்பில் சுற்றுகிறது. அடி தாங்காமல் ஓடிப்போன மனைவியைத் தேடிப் புருஷன் போட்ட படமும் அதில் கலந்திருக்கும். ரிப்போர்ட் எண் இருந்தால், ஸ்டேஷனில் ஒருவராவது விவரத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார் என்று நம்பலாம்.

இந்தப் பதிவு பகிர்வதைப் பற்றியது அல்ல. பகிர்வது ஓய்ந்த பிறகு அந்த வீட்டில் நடப்பதைப் பற்றியது. மலேசியாவில் ஆள் கிடைக்காத வீட்டுக்கு, சட்டப்படி காத்திருக்க வேண்டிய அடுத்த ஏழு வருடம் எப்படிப் போகும் என்பதை, முதல் சில வாரத்தில் சேர்த்த காகிதங்கள்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அழுவதற்கு ஆள் நிறைய வருவார்கள். காகிதம் சேர்த்து ஃபைல் போட ஒருவராவது வேண்டும். அது மனைவியாகவோ அம்மாவாகவோ இருக்க வேண்டாம். நிதானமாக எழுதத் தெரிந்த மச்சானோ சித்தப்பா மகளோ போதும்.

24 மணி நேரம் கழித்துத்தான் ரிப்போர்ட் கொடுக்க முடியும் என்பது நம் ஆட்களிடம் ஊறிப்போன கதை. அப்படி ஒரு விதி கிடையாது. எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். செந்தூலில் இருப்பவர் கிள்ளானில் காணாமல் போனாலும் செந்தூலிலேயே கொடுக்கலாம், அங்கிருந்து மாற்றிவிடுவார்கள். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால், காணாமல் போன குழந்தைகளுக்கான அவசர அறிவிப்பான நூர் அலர்ட் பற்றி அங்கேயே கேளுங்கள். 2007இல் வங்சா மாஜுவில் நூரின் ஜஸ்லின் என்ற சிறுமிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது.

ரிப்போர்ட்டில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை" என்று மட்டும் இருந்தால் அது ஆள் காணாமல் போன ரிப்போர்ட், அவ்வளவுதான். யாராவது மிரட்டினார்களா, வட்டிக்கு விட்டு மிரட்டும் ஆலோங் வீட்டு வாசலுக்கு வந்தானா, காரில் ஏற்றிப் போனதைப் பார்த்தவர் உண்டா? இருந்தால் அதை அதே ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். பிறகு தெரிய வந்தால் லாப்போரான் சுசுலான், அதாவது தொடர் ரிப்போர்ட், கொடுக்க வேண்டும், ஐ.ஓ.விடம் (விசாரணை அதிகாரியிடம்) வாயால் சொல்வது போதாது. காரணம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு. வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிய ரிப்போர்ட் என்றால், நான்கு வாரம் கழித்து விசாரணையின் நிலையைக் கேட்டுக் கடிதம் கொடுக்கலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகம் வரை போகலாம். கடிதத்தின் நகலில் 'பெற்றுக்கொண்டோம்' முத்திரை வாங்காமல் வராதீர்கள். ஐ.ஓ. மாற்றலாகிப் போவார், அந்த முத்திரை போகாது.

அடுத்து சிசிடிவி. நான்கு கேமரா, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கும் சின்னக் கடையில், ஒன்றிரண்டு வாரத்தில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். கொண்டோ நிர்வாகம் உங்களிடம் பதிவைத் தர மறுக்கலாம். "இந்தத் தேதியில் இந்த நேரத்துப் பதிவை அழிக்காதீர்கள்" என்று ரிப்போர்ட் எண்ணோடு கடிதம் கொடுத்துவிட்டு, ஐ.ஓ.விடம் சொல்லுங்கள். கொடுப்பவர்களிடம் பென் டிரைவில் வாங்குங்கள். கைப்பேசியால் திரையைப் படம் பிடித்தால் முகம் தெரியாது. திரையில் ஓடும் நேரத்தையும் உங்கள் கைப்பேசி நேரத்தையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிகளில் கடிகாரம் சரியாக ஓடுவதே அபூர்வம். இருபது நிமிட வித்தியாசத்தில் எல்.ஆர்.டி. நிலையத்தில் வேறு ரயிலைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வீட்டைச் சுத்தம் பண்ணாதீர்கள். அவருடைய பல் துலக்கும் பிரஷ், சீப்பு, சவரக் கத்தி மூன்றையும் காய்ந்த நிலையில் தனித்தனிக் காகித உறையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் தங்கினால் டிஎன்ஏ கெட்டுவிடும். 2009ஆம் ஆண்டு டிஎன்ஏ சட்டத்தின்படி அமைந்த தரவு வங்கியில் காணாமல் போனவர்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. ரத்த உறவுகளின் மாதிரியைக் கொடுக்க முடியுமா என்று ஐ.ஓ.விடம் கேளுங்கள். பல் மருத்துவரிடம் எக்ஸ்ரே இருந்தால் இப்போதே நகல் வாங்குங்கள். கிளினிக்குகள் பழைய பதிவுகளைக் காலத்துக்கும் வைத்திருப்பதில்லை.

தேடும் இடங்களில் பெரிய மருத்துவமனையின் சவக்கிடங்கை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். மனநலம் குன்றியவர், ஞாபகமறதி உள்ள பெரியவர் என்றால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை, கோலாலம்பூர் ஜாலான் பகாங்கில் உள்ள வீடற்றோர் தற்காலிக மையம், சமூகநலத் துறையின் இல்லங்கள், புடுவிலும் மஸ்ஜிட் ஜாமேக் பக்கத்திலும் இரவில் சாப்பாடு கொடுக்கும் குழுக்கள் என்று எல்லாமே பட்டியலில் இருக்க வேண்டும். ஒரு தடவை போய்வந்தால் போதாது, மாதாமாதம் போக வேண்டும்.

போஸ்டரில் சொந்த எண்ணைப் போடாமல், தனியாக ஒரு பிரிபெய்ட் எண் வாங்கிப் போடுங்கள். பணம் பறிக்கும் அழைப்புகள் கட்டாயம் வரும். ஒரு தழும்பு, கயிற்றில் கோத்த தாயத்து, பர்ஸில் இருந்த ஒரு பொருள் என ஏதாவது ஒன்றை வெளியில் சொல்லாமல் வைத்திருங்கள். "உங்க அண்ணன் எங்ககிட்ட இருக்கார்" என்பவனிடம் அதைக் கேட்டால் போதும். குறி சொல்பவர்களைப் பற்றி அதிகம் எழுதி யாரையும் புண்படுத்த விருப்பமில்லை. "தெற்கே, தண்ணிப் பக்கம், உயிரோட இருக்கான்" என்பது மலேசியாவில் எந்த ஊருக்கும் பொருந்தும். அதற்கு ஆயிரம் வெள்ளி கொடுப்பதற்கு முன் வீட்டுக்கடன் தவணையைக் கட்டிவிடுங்கள்.

பணத்தில்தான் குடும்பம் உடைகிறது. அவர் பெயரில் மட்டும் இருக்கும் வங்கிக் கணக்கில் மனைவி கை வைக்க முடியாது. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) வாரிசுப் பணத்துக்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும். ஆனால் கார் கடனும் வீட்டுக் கடனும் மாதம் தவறாமல் வந்து நிற்கும். எல்லாவற்றையும் விட மோசம் ஆயுள் காப்புறுதி. சந்தா கட்டாவிட்டால், சேர்ந்திருக்கும் ரொக்க மதிப்பிலிருந்து சில காலம் கழித்துக்கொண்டு பிறகு பாலிசி செத்துவிடும். ஏழு வருடம் காத்திருந்து நீதிமன்ற உத்தரவோடு போனால், அங்கே பாலிசியே இருக்காது. எந்தச் செலவை நிறுத்தினாலும் இதை நிறுத்தாதீர்கள். நிறுவனத்துக்கு எழுத்திலும் தெரிவித்துவிடுங்கள்.

அந்த ஏழு வருடம் எங்கிருந்து வருகிறது என்றால், 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவிலிருந்து. ஒருவர் உயிரோடிருந்தால் இயல்பாக யாருக்குத் தகவல் வந்திருக்குமோ, அவர்களுக்கு ஏழு வருடமாக எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். எந்தத் தேதியில் இறந்தார் என்பதை இந்தப் பிரிவு சொல்லாது. தேதியை வைத்துக் காப்புறுதி நிறுவனம் வாதாட இடமுண்டு. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இருக்கிறது. மரண அனுமானமும் மணவிலக்கும் சேர்த்தே உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். வசதியில்லாதவர்கள் சட்ட உதவித் துறையிலோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ விசாரியுங்கள். நீதிமன்றம் பார்ப்பது, நீங்கள் உண்மையாகத் தேடினீர்களா என்பதை. ஃபைல் வேலை செய்வது அங்கேதான்: ரிப்போர்ட், கடிதங்கள், பத்திரிகை விளம்பரம், போய்வந்த இடங்களின் தேதிகள்.

நடுவில் சொந்தக்காரர்கள் வருவார்கள். "என் தம்பி செத்துட்டான்னு நான் கையெழுத்துப் போடவா?" என்று அண்ணன் கத்துவார். அண்ணே, நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் சத்தியப் பிரமாணத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. 'இந்தத் தேதிக்குப் பிறகு அவரிடமிருந்து எனக்குத் தகவல் இல்லை' என்பதுதான் இருக்கும். அது உண்மைதானே? தாலியைக் கழற்றுவதா, பொட்டு வைக்கலாமா, படத்துக்கு மாலை போடலாமா என்று அந்தப் பெண்ணை நிறுத்தி வைத்து விசாரிப்பவர்களும் இவர்களே. சாஸ்திரத்தில் பன்னிரண்டு வருடம் காத்திருந்து தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணும் முறை உண்டு. சட்டத்தின் கணக்கு வேறு, சடங்கின் கணக்கு வேறு. நீதிமன்ற உத்தரவு வாங்கிவிட்டு, பொட்டோடு பன்னிரண்டாவது வருடத்துக்குக் காத்திருந்தாலும் தப்பில்லை.

உத்தரவு வாங்கினால் தேடலைக் கைவிட்டதாகாது. எம்எச்370ஐப் பாருங்கள். 2014 மார்ச் 8இல் 239 பேரோடு மறைந்த விமானம். 2015 ஜனவரி 29இல், அது விபத்து, அனைவரும் இறந்ததாகக் கருதப்படுவர் என்று அறிவித்தார்கள், குடும்பங்கள் இழப்பீடு கோர வழி பிறந்தது. கடலடித் தேடலோ 2017 ஜனவரி வரை நடந்தது, 2018இல் மறுபடியும் இறங்கினார்கள். உத்தரவு கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்பதும் பொய். ஈப்போ இந்திரா காந்திக்கு, பிள்ளையைக் கொண்டுபோன முன்னாள் கணவரைக் கைது செய்யச் சொல்லி 2016இல் கூட்டரசு நீதிமன்றமே உத்தரவிட்டது. குழந்தை போனது 2009இல், பதினொரு மாத வயதில். அந்த உத்தரவு வந்ததும் பிள்ளை வீடு வந்துவிடவில்லை.

இங்கிலாந்தில் 2017இல் ஒரு சட்டம் போட்டு 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆள் காணாமல் போய் 90 நாள் ஆனால், அவர் சொத்தையும் கடனையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் குடும்பத்தில் ஒருவர் நீதிமன்றத்தில் கேட்கலாம். அதற்கு அவர் இறந்தார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு பிரிக்பீல்ட்ஸுக்கும் பத்துமலைக்கும் வருகிறவர்களிடம், கோயில் மானியத்தோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்.