சிவப்பு வட்டங்களும் ஒரு பஸ்ஸும்

2014-இல் ஒரு மாலை முழுவதும் எங்கள் ஊர் நகர மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகே ஒரு சின்ன ஊர். மருத்துவக் கஞ்சா விற்கும் கடையை அனுமதிப்பதா, வேண்டாமா என்பதுதான் அன்றைய பொருள்.

கஞ்சா மருந்தா இல்லையா என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. திரையில் ஊர் வரைபடம். பள்ளி, பூங்கா ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு வட்டம்; அதற்குள் கடை கூடாது. தூரத்தை வாசலிலிருந்து அளப்பதா, மனையின் எல்லையிலிருந்து அளப்பதா என்று முக்கால் மணி நேரம் போயிற்று. வட்டங்கள் போக மிஞ்சியது நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், கிடங்குகளும் கார் பட்டறைகளும் உள்ள ஒரு துண்டு நிலம். அங்கே பஸ் போகாது.

என் முன் வரிசையில் தலையில் துணி கட்டிய ஓர் அம்மா இருந்தார். புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர். மைக்கில் ஆளுக்கு இரண்டு நிமிடம். "இது இருந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது. எனக்குக் கார் ஓட்ட முடியாது" என்றார். அதற்குமேல் அவருக்கு நேரம் தேவைப்படவில்லை.

கடைசியில் தடை என்று முடிவானது. "பத்து மைலில் லாஸ் ஏஞ்சலிஸ் இருக்கிறதே" என்றார் ஓர் உறுப்பினர்.

லாஸ் ஏஞ்சலிஸின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். மருத்துவர் பரிந்துரைத்தால் நோயாளி கஞ்சா வைத்திருக்கலாம், வளர்க்கலாம் என்று கலிபோர்னியா மக்கள் 1996-இலேயே வாக்களித்துவிட்டார்கள். கடை வைத்து விற்பதைப் பற்றி அந்தச் சட்டத்தில் பேச்சில்லை. 2007-இல் நகரம் புதிய கடைகளுக்குத் தற்காலிகத் தடை போட்டது. கூடவே, சிரமம் என்று மனுக் கொடுத்தால் விலக்கு உண்டு என்று ஓர் ஓட்டையையும் விட்டுவைத்தது. மனுவைக் கொடுத்துவிட்டு, பதில் வருமுன்பே நூற்றுக்கணக்கானோர் கடையைத் திறந்துவிட்டார்கள். 2010-இல் எழுபது கடைக்கு மேல் கூடாது என்றார்கள், வழக்குகள் குவிந்தன. 2012 ஜூலையில் வாக்களித்த பதினான்கு நகர மன்ற உறுப்பினர்களும் ஒருமனதாக முழுத் தடைக்குக் கை தூக்கினார்கள். தடையை மக்கள் வாக்குக்கு விட வேண்டும் என்று கடைக்காரர்கள் கையெழுத்து வேட்டை நடத்தியதும், அக்டோபரில் அதே மன்றம் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது.

2013 மே மாதம் வாக்கெடுப்பில் வந்த தீர்வுதான் உச்சம். 2007 தடைக்கு முன்பே இருந்த பழைய கடைகள், விதிகளுக்கு உட்பட்டால், நடக்கலாம். ஆனால் உரிமம் கிடையாது. வழக்கு மட்டும் போடமாட்டோம், வரியை மட்டும் தவறாமல் கட்டிவிடுங்கள் என்பதே அதன் சாரம். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்!

அதே மாதம், ரிவர்சைடு நகரத்தின் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், கடைகளை அடியோடு தடை செய்ய ஊர்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. எங்கள் ஊர் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

நான் கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்கவில்லை. என் பிள்ளையின் பள்ளிக்கு எதிரில் அப்படி ஒரு கடை வந்தால் நானும் கொடி பிடிப்பேன். ஆனால் தடை போட்ட ஊர்களில் நோயாளிகள் இல்லாமல் போய்விடவில்லை. அவர்களைப் பக்கத்து ஊரின் தலையில் கட்டிவிட்டு நம் தெரு சுத்தம் என்று மார்தட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்து பஸ் அட்டவணையைப் பார்த்தேன். இரண்டு பஸ் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பஸ் கிடையாது.

நோயாளியின் வீட்டுக்கே மருத்துவக் கஞ்சாவைக் கொண்டுபோய்க் கொடுப்பதை எந்த ஊரும் தடுக்கக்கூடாது என்று மாநிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024-இல். அந்த அம்மா மைக்கின் முன் நின்று பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.