பட்டனுக்காகத் தமிழைச் சுருக்காதீர்கள்

இங்கே மொரிஷியஸில் கோவிலுக்கும் சங்கத்துக்கும் தமிழ் வகுப்புக்கும் இப்போது ஆன்லைன் ஃபாரம்தான். பிரெஞ்சு, ஆங்கிலத்தோடு தமிழும் இருப்பதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. ஆனால் கடைசியில் அழுத்த வேண்டிய பட்டனில் ‘காவடி எடுக்கப் பெயரைப் பதிவு செய்யவும்’ என்று போட்டால், ஒரு போனில் முழுசாகத் தெரிகிறது, இன்னொன்றில் ஓரம் வெட்டுப்பட்டு நிற்கிறது. உடனே, “தமிழைக் கொஞ்சம் சுருக்குங்களேன்” என்கிறார்கள்.

எதற்குச் சுருக்க வேண்டும்? கோளாறு தமிழில் இல்லை, ஃபாரமை உருவாக்கிய நிரலில் (code) இருக்கிறது.

‘இன்புட்’ வகை சப்மிட் பட்டனில் எழுத்தை ஒரே வரியில் வைப்பதுதான் பிரவுசர்களின் வழக்கம். ‘பட்டன்’ என்ற டேகில் எழுதினால் வரி தானாக மடியும். பழைய ஃபாரமை மாற்ற வழியில்லையென்றால், பக்கத்தின் தோற்றத்தை முடிவு செய்யும் சிஎஸ்எஸ்ஸில் ‘ஒயிட்-ஸ்பேஸ்: நார்மல்’ என்று கொடுங்கள். அதோடு உயரத்தையும் அகலத்தையும் பிக்சலில் கட்டிப் போடாதீர்கள். ‘மின்-ஹைட்’ (min-height, குறைந்தபட்ச உயரம்) போதும், இரண்டாவது வரி வந்தால் பட்டன் வளரட்டும்.

பலர் கவனிக்காதது எழுத்துரு. பக்கத்துக்கு நீங்கள் கொடுத்த ஃபாண்டைப் பட்டன் தானாக எடுத்துக்கொள்ளாது, பிரவுசர் தன் விருப்பத்துக்கு ஒன்றைப் போடும். ‘ஃபாண்ட்: இன்ஹெரிட்’ என்று எழுதினால் அது சரியாகும். அப்படியும் விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஐபோனில் தமிழ் சங்கம் என்று ஃபாண்ட் மாறினால் எழுத்தின் அகலமும் மாறும், வரி மடியும் இடமும் மாறும். எழுத்தின் அகலம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் ஃபாண்டையும் தளத்தோடு சேர்த்து அனுப்புங்கள். சிலர் அவசரத்துக்கு, சொல்லை எங்கு வேண்டுமானாலும் உடைக்கும் ‘வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்’ போடுகிறார்கள். அப்போது ‘பதி’ ஒரு வரியிலும் ‘வு’ அடுத்த வரியிலும் விழும். தயவுசெய்து வேண்டாம்.

மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழின் இடத்தை மாற்றியதற்கே 1998-இல் இங்கே எதிர்ப்பு கிளம்பி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். அந்த அக்கறை திரைக்கும் வேண்டும் என்பது என் கருத்து. 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் தள்ளாமல் படிக்க முடிய வேண்டும் என்று 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 (இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான வழிகாட்டி) சொல்கிறது. போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் நம் தாத்தா பாட்டிகளுக்கு இது அவசியம்.

அடுத்த தைப்பூசத்துக்கு ஃபாரம் செய்பவர்கள் லிங்கைக் கமெண்டில் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம்.